மூன்று கவலைச் சீட்டுகள்

கவலை காணாமல் போய்விட்டது என்று அதுவரை யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. நகையைக் காணோம், நாயைக் காணோம், கட்டிய கணவனைக் காணோம் என்று வந்திருக்கிறார்கள். ஒரு தடவை காணாமல் போன கணவனே நேரில் வந்து, என்னைத் தேடாமல் இருக்க என்ன வாங்கிக்கொள்வீர்கள் என்று கேட்டதும் உண்டு. கவலை இதுதான் முதல் தடவை.

“கவலை காணாமப் போனா நல்லதுதானே அக்கா? கதவைச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்க வேண்டியதுதானே?” என்றேன், ஆரம்பப் பள்ளியின் வாசலில் வண்டியை நிறுத்தியபடி.

“உன் வாய் காணாமப் போனா நான் நிம்மதியாத் தூங்குவேன். இறங்கு.”

இப்படிப் பேசியவர் செக்கரம்மா. பதினெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது பலகையில் என்னவோ கம்பீரமாகத்தான் பெயர் எழுதினார். ஆனால் ஊர் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. ஆறடி உயரம், ஐம்பத்திரண்டு கிலோ. மானநஷ்ட வழக்குப் போட்டாலும் நிற்காது.

கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லி ‘பார்வையாளர்’ அட்டை கொடுத்தார்கள். தலைமையாசிரியையின் அறையில் மணி ஒன்றரை. சுவர் முழுக்கக் குழந்தைகள் வரைந்த படங்கள். ஒரு யானைக்கு ஐந்து கால் இருந்தது. நான் நின்று எண்ணிப் பார்த்தேன்.

“அந்தக் குழந்தைகிட்ட கேட்டேன், ஏன் அஞ்சுன்னு. ஒரு கால் வலிச்சா மாத்திக்கன்னு சொல்லிச்சு,” என்றார் தலைமையாசிரியை. எல்லோரும் அவரைப் பெரிய மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

அவருக்குப் பக்கத்தில், சாம்பல் நிற இரும்பு அலமாரியை ஒட்டி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. கூடுதலாக, பள்ளியில் குழந்தைகள் பாதுகாப்புக்கு அவர்தான் பொறுப்பு. பிள்ளைகள் பாதுகாப்பு மிஸ் என்று அழைப்பார்களாம். அன்று அவரையே யாராவது பாதுகாக்க வேண்டும் போல் இருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளியில் ஆசிரியர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பத்துச் சீட்டு கொண்ட மஞ்சள் கட்டு ஒன்று உண்டு. கவலைச் சீட்டு என்று பெயர். ஒரு குழந்தையைப் பார்த்து மனசில் ஏதாவது உறுத்தினால், அதைச் சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பாதுகாப்பு மிஸ்ஸிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் படித்து, பூட்டி வைத்து, ஆக வேண்டியதைப் பார்ப்பார். கொடுத்தவர் அதன்பின் வாயைத் திறக்கக் கூடாது. என்ன ஆயிற்று என்று கேட்கவும் கூடாது, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சொல்லவும் கூடாது. குழந்தையின் கஷ்டம் ஊர் வாய்க்கு அவலாகிவிடக் கூடாது என்று வைத்த விதி.

“ஒண்ணுலேர்ந்து நூத்திநாப்பது வரைக்கும் சீட்டுல நம்பர் இருக்கு,” என்றார் பாதுகாப்பு மிஸ். “எனக்கு வந்து சேர்ந்ததும் இந்த நோட்டுல நம்பரும் தேதியும் மட்டும் எழுதுவேன். இன்னைக்குக் காலையில சரிபார்த்தேன். மூணு சீட்டு நோட்டுல இருக்கு, அலமாரியில இல்லை.”

நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தேழு, மூன்றாம் தேதி. இருபத்துமூன்று, பதிமூன்றாம் தேதி. எண்பத்தைந்து, நேற்று. அழகான கையெழுத்து. நேற்று என்பது இருபத்துமூன்றாம் தேதி.

“மூணுலயும் எந்தக் குழந்தையைப் பத்தி எழுதியிருந்தது?” என்று கேட்டார் செக்கரம்மா.

“தெரியாதுங்க. வேலை அதிகம். உறையை வெள்ளிக்கிழமைதோறும்தான் பிரிப்பேன். இந்த மூணையும் இன்னும் பிரிக்கலை.”

“யார் எழுதினதுன்னாவது தெரியுமா?”

“யாருக்கு எந்தக் கட்டுன்னு எழுதி வைக்கறதில்லைங்க. கொண்டு வந்து குடுக்கறவங்க முகத்தையும் மறந்துடணும்னுதான் விதி.”

அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று பெரிய மிஸ்ஸிடம். பூட்டு உடைபடவில்லை. பெரிய மிஸ் எங்களை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் மெல்லச் சொன்னார்:

“என் சாவி மேஜை டிராயர்லதான் கிடக்கும். யார் வேணா எடுக்கலாம். எங்க விளையாட்டு சார் கொஞ்சம் கத்தற ஆளு. அவர் மேலேயே யாராவது எழுதியிருந்து, அது தெரிஞ்சு அவரு... பாருங்க, நான் யாரையும் சொல்லலை. ஆனா சத்தம் இல்லாம முடிச்சிடுங்க. பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடக் கூடாது.”

“பேரை அப்புறம் தேடலாம். மூணு சீட்டு எங்க போச்சுங்கறதையும் அப்புறம் தேடலாம்,” என்றார் செக்கரம்மா. “மூணு சீட்டுக்கும் பின்னால எந்தக் குழந்தை இருக்குங்கறதுதான் முதல்ல. எத்தனை மணிக்குப் பள்ளி விடும்?”

“மூணரை.”

செக்கரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவருக்கு. அன்று அவரே ஓடினார்.

வராந்தாவில் நான் கேட்டேன். “எழுதினவங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு விதி. எப்படிக் கண்டுபிடிக்கறது? வரிசையா நிக்க வச்சுக் கிச்சுகிச்சு மூட்டட்டுமா?”

“டிக்கெட் பார்க்கும்போது நான் யார்கிட்டயாவது, ஏன் போறே, எதுக்குப் போறேன்னு கேட்டிருக்கேனா?”

“இல்லை.”

“டிக்கெட்டைக் காட்டுன்னு மட்டும்தான் கேட்பேன். வா.”

அடுத்த முக்கால் மணி நேரம் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு ரயில் பெட்டியானது. வகுப்பு வகுப்பாகப் போய்க் கதவருகில் நின்றார் செக்கரம்மா. “எழுதினீங்களான்னு கேட்க மாட்டேன். என்ன எழுதினீங்கன்னும் கேட்க மாட்டேன். உங்க மஞ்சள் கட்டை மட்டும் காட்டுங்க.” அவ்வளவுதான். யாரும் விதியை மீறவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டின் மேல் இருக்கிற சீட்டின் எண்ணைப் பார்த்தால், கடைசியாகக் கிழித்த சீட்டு எதுவென்று தெரிந்துவிடுகிறது. இரண்டாம் வகுப்பில் ஒரு குழந்தை என்னைக் காட்டி, “மிஸ், இவர்கிட்ட டிக்கெட் இல்லையா, ஏன் நிக்கறாரு?” என்று கேட்டது.

மூன்றாம் வகுப்பு மிஸ்ஸின் கட்டு நாற்பத்தெட்டில் ஆரம்பித்தது. அவர் புதிதாகக் கல்யாணமானவர், சின்னப் பெண்.

சாப்பாட்டு அறையில் மேஜை துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கட்டு எண்பத்தாறில். “நான் எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். தப்பா எழுதிட்டேனாம்மா?” என்று பயந்தார்.

மூன்றாவது கட்டை மைதானத்தில் பிடித்தோம். ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அந்த மனிதர் கட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இருபத்துநான்கு.

நான் செக்கரம்மாவின் காதில் சொன்னேன். “அக்கா, பெரிய மிஸ் சந்தேகப்பட்ட விளையாட்டு சார் இவருதான். திருடினவரா இருப்பாருன்னு பார்த்தா, தொலைச்சவரா இருக்காரு.”

“கத்தறவன் எல்லாம் கெட்டவனும் இல்லை, மெதுவாப் பேசறவன் எல்லாம் நல்லவனும் இல்லை,” என்றார். முகம் இறுகியிருந்தது.

மணி இரண்டரை. மூன்றாம் வகுப்புக்கு அப்போது பாட்டு நேரம். மூன்று பேரையும் புத்தக அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினோம். குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள். விளையாட்டு சார் உட்காராமல் நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நீ ஏன் இங்கே என்பது போல.

செக்கரம்மா ஒரு தாளை மூன்றாகக் கிழித்தார். “நீங்க குடுத்த சீட்டு காணோம். மூணு பேர் குடுத்ததும் காணோம். அதனால ஒரே ஒரு வேலை. எந்தக் குழந்தைன்னு பேரை மட்டும் எழுதி மடக்கிக் குடுங்க. ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் பார்க்க வேண்டாம்.”

எழுதினார்கள். சாப்பாட்டு அறை அக்கா எழுத்துக்கூட்டி எழுதி முடிக்கும்வரை காத்திருந்தோம். செக்கரம்மா மூன்றையும் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

மூன்றிலும் ஒரே பெயர்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி. எட்டு வயது. வகுப்பில் அவளைச் சுண்டெலி என்பார்களாம். அவ்வளவு சின்ன உருவம், அவ்வளவு வேகம். நானும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். அவள் சொந்தப் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“அவ முதுகை நாற்காலியில சாய்க்கறதே இல்லைங்க,” என்றார் மூன்றாம் வகுப்பு மிஸ். “கதை நேரத்துல எல்லாரும் சுவர்ல சாஞ்சு உட்காருவாங்க. அவ மட்டும் நின்னுக்குவா. கால் வலிக்கலையான்னா, பரவாயில்லை மிஸ்னு சொல்லுவா.”

“பந்து எறிய வலது கையைத் தூக்க மாட்டேங்கறா,” என்றார் விளையாட்டு சார். “நல்லா எறியற பொண்ணு. கேட்டா, இடது கையையும் பழக்கிக்கறேன் சார்னு சிரிக்கறா. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கலை.”

சாப்பாட்டு அறை அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “பாதிச் சாப்பாட்டை டப்பாவுல எடுத்து வச்சுக்குவா. ஏன் கண்ணுன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்தா அன்னைக்கு ராத்திரி சோறு கிடையாது, அப்போ வேணும்னுச்சு. அம்மா இல்லாத பிள்ளைங்க அது. செத்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கூச்சம் என்பார்கள், சுளுக்கு என்பார்கள், பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்பார்கள். மூன்றையும் ஒரே மேஜையில் வைத்தால் ஒரே அர்த்தம்தான்.

மூன்றாம் வகுப்பு மிஸ் அழுதுவிட்டார். “எழுதிக் குடுத்துட்டேன், அவங்க பார்த்துப்பாங்கன்னு நினைச்சேன். கேட்கக் கூடாதுன்னு விதி. மூணு வாரமா நான் நிம்மதியாத் தூங்கினேங்க.”

“நானும்தான்மா,” என்றார் விளையாட்டு சார். அந்தக் கத்துகிற மனிதரின் குரல் எங்கேயோ போயிருந்தது.

அப்படியே விட்டிருந்தால் மூன்று பேரும் ஓடிப்போய் அந்தக் குழந்தையைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ கேட்டிருப்பார்கள். செக்கரம்மா தடுத்துவிட்டார். “யாரும் அவகிட்ட எதுவும் கேட்கக் கூடாது. கேட்கறதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. அவ அதை ஒரு தடவை சொன்னாப் போதும். பத்துப் பேர்கிட்ட பத்துத் தடவை சொல்ல வைக்காதீங்க.” மூன்றாம் வகுப்பு மிஸ்ஸிடம் மட்டும், “பாட்டு முடிஞ்சதும் அவளைப் படம் வரையணும்னு சொல்லி இங்க கூட்டிட்டு வாங்க. நான் சொல்ற வரைக்கும் பக்கத்துலயே இருங்க,” என்றார்.

வெளியே வந்ததும் அவர் நடையில் வேகம் கூடியது. “ரயில்ல ஆபத்துன்னா எல்லாரும் சங்கிலியைப் பார்ப்பாங்க, ஒருத்தன் இழுக்க மாட்டான். இங்க மூணு பேர் இழுத்திருக்காங்கடா. வண்டி நிக்கலை. சங்கிலிக்கும் பிரேக்குக்கும் நடுவுல யாரோ கையை விட்டிருக்காங்க.”

“யாரு அக்கா? அப்பன் உள்ள வந்து திருடியிருப்பானோ?”

“அவனுக்கு எத்தனை சீட்டு வந்ததுன்னு எப்படித் தெரியும்?”

நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குச் சுலபமாக வருகிற காரியம் இல்லை.

பெரிய மிஸ்ஸின் அறைக்குத் திரும்பியபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம். பாதுகாப்பு மிஸ் இன்னும் அதே அலமாரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் பெயரை செக்கரம்மா சொன்னதும் பெரிய மிஸ் அவளுடைய விவர அட்டையை எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் பெயர், வேலை செய்யும் இடம், தொலைபேசி எண். அம்மாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். அதன் கீழே, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டாவது ஆள்: ‘உறவினர்’ என்று மட்டும் எழுதி ஓர் எண். உறவின் பெயரோ ஆளின் பெயரோ இல்லை.

“அப்பாவைக் கூப்பிட முடியாது,” என்றார் செக்கரம்மா. “இன்னைக்கு ராத்திரி அந்தக் குழந்தையை வச்சுக்க ஒரு சொந்தக்காரங்க வேணும். ஒட்டடை, அந்த ரெண்டாவது நம்பரைப் போடு.”

போட்டேன்.

என் காதில் ஒரு மணி ஒலித்தது. அறைக்குள் இன்னொரு மணி ஒலித்தது. அலமாரியை ஒட்டிய நாற்காலியில் ஒரு பழுப்புக் கைப்பை இருந்தது. அதற்குள்ளிருந்து வந்தது சத்தம்.

பாதுகாப்பு மிஸ் அதை எடுக்கவில்லை. எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு தடவை அடித்து ஓய்ந்தது.

“அது... உங்க பைதானே?” என்றார் பெரிய மிஸ், புரியாமல்.

“அவ என் தம்பி பொண்ணு மேடம்,” என்றார் பாதுகாப்பு மிஸ். “நான் அவளுக்கு அத்தை.”

பெரிய மிஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தப் பள்ளியில் அத்தையும் மருமகளும் இரண்டு வருடமாக ஒரே வராந்தாவில் நடந்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. சலுகை கேட்கிறார் என்று பேசுவார்களே என்று ஆரம்பத்தில் மறைத்திருக்கிறார். பள்ளிக்குள் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை. “அப்போ சீட்டை எடுத்தது நீங்கதானா? எடுத்துட்டு, காணோம்னு எங்களையே கூப்பிட்டு விளையாட்டுக் காட்டினீங்களா?”

“கத்தாதே,” என்றார் செக்கரம்மா. நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார். “நீங்க பொய் சொல்றீங்கன்னு ஒன்றரை மணிக்கே தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் உறையைப் பிரிப்பேன்னீங்க. முதல் சீட்டு மூணாம் தேதி வந்தது. அதுக்கப்புறம் மூணு வெள்ளிக்கிழமை போயிருக்கு. ஆனா எனக்கு ஏன்னுதான் புரியலை. திருடறவங்க சீட்டோட சேர்த்து நோட்டுப் பக்கத்தையும் கிழிச்சிருப்பாங்க. நீங்க அழகா நம்பர் போட்டு விட்டு வச்சிருக்கீங்க. இந்த நோட்டைத் திறக்கற ஒரே ஆள் நீங்க. காணோம்னு நீங்க சொல்லலைன்னா வருஷக் கடைசி வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.” பெரிய மிஸ் பக்கம் திரும்பினார். “எங்க நம்பரை உங்களுக்கு யார் குடுத்தாங்க?”

பெரிய மிஸ் மெதுவாகக் கையை நீட்டி அலமாரிப் பக்கம் காட்டினார். “அவங்கதான்.”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எடுத்தவரே புகார் கொடுத்து, எடுத்தவரே துப்பறிவாளரையும் வரவழைத்திருக்கிறார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

பாதுகாப்பு மிஸ் கைப்பையைத் திறந்து மூன்று உறைகளை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்றும் பிரித்தவை. ஓரம் மடங்கி அழுக்காகியிருந்தது. பலமுறை எடுத்துப் படித்திருக்கிறார்.

“எங்க அம்மா போனப்போ அவனுக்கு ஆறு வயசு. எனக்குப் பதினாலு. நான்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பினேன். தம்பின்னு பேரு, பிள்ளை மாதிரிதான். பொண்டாட்டி போனதுக்கப்புறம் அவன் ஆளே மாறிட்டான். முதல் சீட்டு வந்த அன்னைக்கே அவன் வீட்டுக்குப் போனேன். நாலு அறை விட்டேன். அழுதான். இனிமே பிள்ளை மேல கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினான். நம்பினேன். ரெண்டாவது சீட்டு வந்தது. திரும்பப் போனேன். திரும்ப அழுதான், திரும்ப சத்தியம். நேத்து மூணாவது வந்துச்சு. அவன் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போகாம வந்துட்டேன். போனா அழுவான். அவன் அழுதா நான் நம்பிடுவேன்.”

“அவ உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?” என்றார் பெரிய மிஸ்.

“சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதே, அத்தை பார்த்துக்கறேன்னு சொன்னேன். பாவி நான்.” அவர் அழவில்லை. அழுதிருந்தால் பார்ப்பதற்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்து நம்பரை நாலு தடவை போட்டேங்க. மூணு எண்ணுக்கு மேல விரல் போகலை. அதான், வேற யாராவது கண்டுபிடிக்கட்டும்னு...”

“வேற யாராவது கண்டுபிடிச்சா, தம்பியைக் காட்டிக் குடுத்தது நீங்க இல்லைன்னு ஆயிடும். அதானே?” செக்கரம்மாவின் குரலில் இரக்கமும் இருந்தது, கண்டிப்பும் இருந்தது. மேஜைத் தொலைபேசியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். “இப்போ மணி மூணு பத்து. இதை நான் பண்ணலாம். இவங்க பண்ணலாம். ரெண்டு நிமிஷம் தர்றேன். அதுக்குள்ள நீங்க பண்ணலைன்னா நானே பண்றேன். குழந்தைக்கு வித்தியாசம் இல்லை. பிற்பாடு அவ முகத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு வித்தியாசம் இருக்கும்.”

பெரிய மிஸ் இடையில் புகுந்தார். “நாளைக்குக் காலையில நிதானமா உட்கார்ந்து பேசலாமே? இப்போவே அலுவலகம் கிலுவலகம்னு போனா...”

“நடுவுல ராத்திரின்னு ஒண்ணு இருக்குங்க,” என்றார் செக்கரம்மா. “அதை யாரு கழிக்கணும்? நீங்களா, அந்தப் பிள்ளையா?”

பெரிய மிஸ் குழந்தையின் விவர அட்டையை எடுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போனது. வராந்தாவில் யாரோ ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓடியது. பாதுகாப்பு மிஸ் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். ஒன்றரை நிமிடம் ஆனபோது செக்கரம்மாவின் கை தொலைபேசியை நோக்கி நகர்ந்தது. அந்தக் கைக்கு முன்னால் இன்னொரு கை ரிசீவரை எடுத்துவிட்டது.

இந்த முறை எல்லா எண்களையும் போட்டார்.

பள்ளியின் பெயரைச் சொன்னார். தன் பொறுப்பைச் சொன்னார். மூன்று சீட்டுகளையும் பிரித்து, தேதியோடு வரி வரியாகப் படித்தார். அலுவலகக் குரல் மாதிரியே இருந்தது. குழந்தையின் அப்பா பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நின்றார். பிறகு சொன்னார். எழுத்து விடாமல் இரண்டாம் தடவையும் சொன்னார், எதிர்முனையில் எழுதிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

“ஆமாங்க. எனக்குத் தம்பி.”

எதிர்முனை ஏதோ கேட்டது.

“ராத்திரி வச்சுக்க நம்பகமான சொந்தம்னா... அத்தை ஒருத்தி இருக்கா. அது நான்தான்.” மூச்சை இழுத்து விட்டார். “என்கிட்ட குடுக்காதீங்க. எனக்கு மூணு வாரமாத் தெரியும். தெரிஞ்சும் தினமும் மூணரைக்கு அவனோட அனுப்பி வச்சிருக்கேன். அம்மாவோட தங்கச்சி இருக்கா, சித்தி. அவளை வீட்டுப் பக்கமே வர விடாம பண்ணினான் என் தம்பி. நல்ல பொண்ணு. நம்பர் தர்றேன், எழுதிக்குங்க.”

எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மூன்றரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் இரைச்சலாக வாசலுக்கு ஓடினார்கள். பாதுகாப்பு அலுவலகத்து அம்மா இருபது நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சுண்டெலி புத்தக அறையில் மூன்றாம் வகுப்பு மிஸ்ஸோடு படம் வரைந்துகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே விளையாட்டு சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று அந்தக் கதவைத் தாண்டி ஒரு எறும்பு போயிருந்தாலும் ஊதல் ஊதியிருப்பார்.

பாதுகாப்பு மிஸ்ஸோடு நாங்கள் வாசலுக்குப் போனோம். கூட்டம் கரைந்த பிறகு ஒரே ஒரு ஆள் மிச்சம் இருந்தான். கொம்பு முளைத்த ஒருத்தனை நான் எதிர்பார்த்திருந்தேன் போலும். இவன் சலவைச் சட்டையும் வாரிய தலையுமாக, கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு நின்றான். யார் பார்த்தாலும் பாசமுள்ள அப்பா என்றுதான் சொல்வார்கள்.

“அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது,” என்று செக்கரம்மா பாதுகாப்பு மிஸ்ஸிடம் மெல்லச் சொன்னார். “வர்றவங்க பேசிக்குவாங்க.”

அவன் அவரைப் பார்த்துவிட்டான். “அக்கா! ஏன்க்கா அவ மட்டும் இன்னும் வரலை? இந்த வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கறாரு. நீ சொல்லுக்கா!”

பாதுகாப்பு மிஸ் பேசவில்லை. அவன் முகம் மாற ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அழப் போகிற பிள்ளையின் முகமானது. அந்த முகத்துக்குத்தான் அவர் பயந்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவர் கை கம்பிக் கதவை இறுகப் பிடித்திருந்தது. ஆனால் கண்ணை அவன் மேலிருந்து எடுக்கவே இல்லை.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு அவரிடம் வந்தார். “மிஸ், இவரு உங்க தம்பின்னு சொல்றாரு. நிஜமா?”

“ஆமா. கூடப் பிறந்த தம்பி.”

“அட, முன்னாடியே சொல்லக் கூடாதா! உங்க ஆளுதானே, உள்ள விடட்டுமா?”

“என் ஆளுன்னுதான் இத்தனை நாள் விட்டேன்,” என்றார் பாதுகாப்பு மிஸ். “இனிமே விடாதீங்க.”